வெண்பனியைப் பார்த்ததே இல்லை, குளிர்காலக் காதல் கவிதை எப்படி எழுதுவது?

தவிட்டுக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். நாலைந்து வருடமாகச் சின்னச் சின்னக் கவிதைகள் எழுதி வருகிறேன், மூன்று வரி, நான்கு வரி, மிஞ்சிப்போனால் எட்டு. ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். இந்த மார்கழி பிறந்ததிலிருந்து குளிரையும் காதலையும் வைத்து இருபது கவிதை எழுதி நோட்டில் சேர்த்தேன், அதில் நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றிய ஆறை மட்டும் ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். ஆறும் திரும்பி வந்துவிட்டன. கூடவே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "இந்தக் குளிர் எந்த ஊர்க் குளிர்?"

இரண்டு நாள் மனசே சரியில்லை. அப்புறம் நோட்டை எடுத்து வாசித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டது நியாயம்தான் என்று தெரிகிறது. ஒன்றை இங்கே தருகிறேன்.

வெண்பனி பொழியும் இரவில்
உன் நினைவென்னும் கணப்பருகே
உறைந்துபோகிறேன் நான்
காதலே

நான் வெண்பனியைப் பார்த்தது இல்லை. கணப்பு அருகில் உட்கார்ந்ததும் இல்லை. ஆனால் குளிர் என்று எழுத உட்கார்ந்தால் கை தானாக அந்தச் சொற்களுக்குப் போகிறது, இதுவரை வாசித்ததெல்லாம் அப்படி இருந்ததால் இருக்கலாம். நம் ஊர்க் குளிர் இருபது டிகிரிக்குக் கீழே போனாலே மப்ளர் கட்டிக்கொள்கிற குளிர், அதை வைத்துக் கவிதை எழுதினால் யார் நம்புவார்கள் என்ற தயக்கமும் இருக்கிறது. இன்னொரு தயக்கம், எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது, காதல் கவிதை என்றால் இருபது வயதில் எழுதுவது என்றுதான் சுற்றி இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், கவிதை என்று நினைக்காமல் குறித்து வைத்தது இது:

பால்காரர் சைக்கிள் மணி
தெருமுனை திரும்பும்போது
நனைந்து ஒலிக்கிறது

இதில் காதல் இல்லை. குளிர் என்ற சொல்லும் இல்லை. இதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றும் தெரியவில்லை. சின்னக் கவிதை எழுதுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.


தமிழய்யா:

அம்மா, உங்கள் கடைசிப் பக்கத்தை முதல் பக்கமாக்குங்கள். பனி மூடின தெருவில் மணி கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும், "நனைந்து ஒலிக்கிறது" என்று நீங்கள் எழுதியவுடன் எனக்கு அந்தத் தெரு கிடைத்துவிட்டது. வெண்பனி பொழிந்த கவிதையில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. கணப்பருகே இருப்பவர் எப்படி உறைந்துபோவார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் குறுந்தொகைக்குப் போகாமல் என்னால் பதில் எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு முதல் எட்டு அடி வரை உள்ள பாட்டுகளாகத் தேடித் தொகுத்தது அது, கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாட்டு, அத்தனையும் காதல். சின்னதாகக் காதலை எழுத நினைக்கிறவருக்கு வேறு பள்ளிக்கூடம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

அதில் 68ஆவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். நாலே அடி. முதல் இரண்டடியில் காதலன் இல்லை, காதலி இல்லை, பெருமூச்சு இல்லை. உளுந்து இருக்கிறது! "பூழ்க்கால் அன்ன செங்கால் உழுந்து" என்கிறார், அதாவது காடையின் கால் போலச் சிவந்த தண்டு உள்ள உளுந்து, அதில் முற்றிப்போன காயை மான்கூட்டம் தின்கிறது. இப்படிப்பட்ட கடும்பனிக் காலத்து நோய்க்கு மருந்து அவர் தழுவிய மார்பு ஒன்றுதான், வேறில்லை, என்று பாட்டு முடிந்துவிடுகிறது. குளிரைச் சொல்ல அந்தப் பெண் இமயமலைக்குப் போகவில்லை, தன் ஊர் உளுந்துச் செடியின் தண்டைக் குனிந்து பார்த்தாள்.

நீங்கள் மன்னார்குடிப் பக்கம் என்கிறீர்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது ஈர வயலில் நெல்லுக்கு நடுவே உளுந்தைத் தெளிப்பார்களே, நெல்லை அறுத்தபிறகு மிச்சம் இருக்கும் ஈரத்திலும் ராத்திரிப் பனியிலுமே அது வளர்ந்து காய்க்குமே, அது உங்கள் வீட்டுக்கு எத்தனை அடி தூரம்? போய் ஒரு செடியைப் பிடுங்கித் தண்டின் நிறத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எழுதுகிறவருக்கு உதவும். குறுந்தொகைப் பாட்டுகள் ஆசிரியப்பா, வரிக்கு நான்கு சீர் வரும், ஆனால் கடைசிக்கு முந்தின அடியில் மட்டும் மூன்றுதான் இருக்கும். இந்த உளுந்துப் பாட்டிலும் "அரும்பனி அற்சிரம் தீர்க்கும்" என்ற அடியில் ஒரு சீர் குறைகிறது. சத்தமாகப் படித்துப் பாருங்கள், அந்த இடத்தில் மூச்சு ஒரு நொடி தடுக்கும், அடுத்த அடியில்தான் அவன் மார்பு வருகிறது. மாணவர்களுக்கு இதை இலக்கணமாகச் சொன்னபோது கொட்டாவி விட்டார்கள், சத்தமாகப் படிக்கச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கல்யாணமானவர் காதல் எழுதலாமா என்று கேட்டீர்கள். 167ஆவது பாட்டில் கூடலூர் கிழார் காட்டுவது புதிதாகக் குடித்தனம் தொடங்கிய ஒருத்தியை. தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், மாற்றக்கூட நேரமில்லை, தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது, அப்படிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறான், அவள் முகம் நுணுக்கமாக மகிழ்கிறது. அவ்வளவுதான் பாட்டு. இரண்டாயிரம் வருடத்தை ஒட்டி அந்தச் சேலைக்கறை காயாமல் இருக்கிறது.


கோத்தகிரிக்காரன்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் நிஜமாகவே பனி உறையும் ஊரில் இருக்கிறேன், இங்கேயும் அந்தக் கவிதைகளில் வருகிற வெண்பனி கிடையாது. இங்கே விழுவது உறைபனி. மேகம் இல்லாமல், காற்றும் அசையாமல் இருக்கிற ராத்திரியில்தான் விழும், மேகமூட்டம் இருந்தால் அன்றைக்கு விழாது, அதனால் சாயங்காலம் வானம் பளிச்சென்று இருந்தால் சுற்றுலா வந்தவர்களுக்குச் சந்தோஷம், தேயிலைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரையும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், அதனால் மேட்டுத் தோட்டம் தப்பித்துவிடும், பள்ளத்துத் தோட்டம் மாட்டிக்கொள்ளும். காலையில் புல்வெளி உப்பைத் தூவினதுபோல இருக்கும், போட்டோ எடுப்பார்கள். வெயில் ஏறினபிறகு வந்து பார்த்தால் தேயிலைக் கொழுந்து நெருப்பில் காட்டியதுபோலச் சிவந்து கருகிக் கிடக்கும். பனியில் "கருகிவிட்டது" என்றுதான் நாங்கள் சொல்வோம், வேறு சொல் கிடையாது.

எங்கள் அம்மாவுக்கு அரை ஏக்கர் தேயிலை. போன வருடம் எழுதியது:

கருகிய கொழுந்தைத்
தொட்டுப் பார்க்கிறாள்
சூடு இருக்கிறதா என்பதுபோல

இதை நான் யோசித்து எழுதவில்லை, அவர் அப்படித்தான் புறங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல. முதலில் காய்ச்சல் என்ற சொல்லையும் உள்ளே வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

குளிர் பற்றி எழுத உங்கள் ஊரில் ஒன்றும் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். இங்கே காலையில் பஸ் ஸ்டாண்டில் கற்பூர மரத்துச் சருகையும் சுள்ளியையும் கொளுத்தி ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்போம், ஒருவருக்கொருவர் பேரே தெரியாது, கையை மட்டும் ஒரே நெருப்பில் நீட்டியிருப்போம். உங்கள் பக்கம் வைக்கோல் போட்டு எரிப்பார்களே.


மூன்று வரி:

தமிழய்யா சொன்னது எல்லாம் சரி, ஆனால் "பார்த்ததை மட்டும் எழுது" என்று இந்த உரையாடல் போய் முடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு ஜப்பானியர்கள் இருவரைச் சொல்ல வேண்டும். 1916லேயே பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதால் இது நமக்கு ரொம்ப அந்நியமான சங்கதியும் இல்லை.

முதலாமவர் பூசோன், 1716இல் பிறந்து 1784இல் இறந்தவர், ஓவியரும்கூட. அவருடைய ஹைக்கூ ஒன்றில் ஒருவர் படுக்கையறையில் நடக்கும்போது காலில் எதையோ மிதிக்கிறார், செத்துப்போன மனைவியின் சீப்பு. அந்தக் குளிர் உடம்புக்குள் இறங்குகிறது. படித்தவர்களுக்கு ராத்திரி தூக்கம் வராது. ஆனால் பூசோன் அதை எழுதியபோது அவர் மனைவி உயிரோடு இருந்தார், பூசோன் இறந்த பிறகும் இருந்தார். அந்தச் சாவு நடக்கவே இல்லை! அப்படியென்றால் அது பொய்க் கவிதையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருட்டில் வெறுங்காலில் சீப்பின் பல் குத்துவது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும், ஒரு அறையில் இருவர் புழங்கினால் ஒருவருடைய சாமான் இன்னொருவர் காலில் படும் என்பதும் தெரியும். அங்கிருந்து ஓர் எட்டு எடுத்து வைத்து, இவள் இல்லாமல் போனால் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்.

இரண்டாமவர் ஷிகி, ஹைக்கூ என்ற பெயரையே இன்றைய பொருளில் நிலைநிறுத்தியவர். முதுகெலும்பில் காசநோய், வருடக்கணக்கில் படுக்கை, 1902இல் முப்பத்தைந்து வயதுகூட முடியாமல் போய்விட்டார். வெளியே பனி பெய்கிறது, இவரால் எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. திரும்பத் திரும்ப, எவ்வளவு ஆழம் விழுந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கவிதை முழுவதும் அவ்வளவுதான், பனியின் ஆழத்தை எத்தனையோ தடவை கேட்டேன். பனியைப் பார்க்காதவர் எழுதிய பனிக் கவிதை இது, கவனியுங்கள். கூட இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவும் தங்கையும் அந்தக் கவிதைக்குள் பேரில்லாமல் இருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் யாரோ பதில் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா.

ஆகவே தவிட்டுக்குருவி, நீங்கள் பார்க்காத பனியை எழுதியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பனி உங்கள் கவிதையில் எவர் காலிலும் குத்தவில்லை, அதுதான் சிக்கல்.

இன்னொரு விஷயம், அநேகம் பேர் இதில் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் சொல்கிறேன். ஐந்து, ஏழு, ஐந்து என்று எழுத்து எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். அது ஜப்பானிய மொழியின் ஒலியளவுக்கு ஏற்ற கணக்கு, தமிழில் ஒரு வினைமுற்றே ஏழெட்டு எழுத்து தின்றுவிடும். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது கிகோ, பருவத்தைக் காட்டும் சொல். குளிர்காலம் என்று எழுதமாட்டார்கள், முள்ளங்கி என்பார்கள், வாசிக்கிறவருக்குப் பருவம் தெரிந்துவிடும். எந்தச் சொல் எந்தப் பருவம் என்று தொகுத்த அகராதிகளே அவர்களிடம் உண்டு, சைஜிகி என்று பெயர்.


தமிழய்யா:

தம்பி சொன்னதை மனதார ஒப்புக்கொள்கிறேன், நான் கொஞ்சம் ஒரு பக்கமாகப் பேசிவிட்டேன். குறுந்தொகையிலும் அதேதான் நடக்கிறது. கபிலர் ஆண், ஆனால் ஏமாற்றப்பட்ட பெண்ணின் வாயால் பேசுகிறார், அவன் என்னைச் சேர்ந்த அன்று சாட்சியாக இருந்தது மீன் பார்த்து நின்ற ஒரு குருகுதான் என்கிறாள் அவள். கபிலருக்கு அது நேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் குருகின் கால் தினைத்தாள் போல இருந்தது என்று சொல்கிறார் பாருங்கள், அது பார்த்தவனுக்குத்தான் வரும்.

பருவச் சொல் விஷயத்தில் மட்டும் நாம் கடன் வாங்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று வருடத்தை ஆறாகப் பிரித்து, எந்த நிலத்துக்கு எந்தப் பருவம், எந்த நேரம், எந்தப் பூ என்று தொல்காப்பியமும் அதன் உரைகளும் சொல்லியிருக்கின்றன. பனி என்ற பேரிலேயே இரண்டு பருவம், மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனி. அதற்கு முன்னால் ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும் கூதிர். ஆக வருடத்தில் பாதி நமக்குக் குளிர்காலம்தான், மப்ளர் குளிர் என்று குறைத்துச் சொல்லாதீர்கள் அம்மா. அவரைப் பூ என்றாலே அந்தக் காலத்துக் கவிஞர்களுக்குப் பனிக்காலம். இன்றைக்கும் நம் வேலியில் அப்போதுதான் பூக்கிறது. கொல்லன் அழிசி என்ற புலவர் அந்தப் பூவைக் கிளியின் அலகு என்றார், கூடப் பூத்த முல்லையைக் காட்டுப்பூனையின் பல் என்றார்.

நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு புறாவைக் காட்டுவார். மழையும் குளிருமாக இருப்பதால் ராத்திரி எது பகல் எது என்று அதற்குத் தெரியவில்லை, இரை தேடப் போகாமல் வீட்டு இறவாணத்திலேயே கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறது. 188 அடிப் பாட்டில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் புறாவின் கால்தான். அதே பாட்டில் அரண்மனையில் ஓர் அரசி கணவனுக்காகக் காத்திருக்கிறாள், அது ரொம்பத் தள்ளித்தான் வருகிறது.

கடைசியாக ஒன்று, உங்களுக்குப் பிடிக்கும். குறுந்தொகை 277. பிரிந்து போனவன் வாடைக் காலத்தில் வருவேன் என்று சொல்லியிருக்கிறான், வாடை எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளத் தோழி ஓர் அறிவரிடம் கேட்கிறாள். அவர் வீடு வீடாகப் பிச்சை வாங்கி உண்பவர். சும்மா கேட்காமல் வாழ்த்திக் கேட்கிறாள்: நாய் இல்லாத தெருவாசலில், ஒரே வீட்டிலேயே வயிறு நிறையச் செந்நெல் சோறும் வெண்ணெயும் உமக்குக் கிடைக்கட்டும், இந்தப் பனிக்கு இதமான வெந்நீர் சேமச் செப்பில் கிடைக்கட்டும். சேமச் செப்பு என்றால் சூடு ஆறாமல் வைக்கும் பாத்திரம், நம் பிளாஸ்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எழுதியவர் பேர்கூட மறைந்து "ஓரிற் பிச்சை" என்ற அவர் சொல்லே அவருக்குப் பேராக நின்றுவிட்டது, ஓரிற்பிச்சையார். காதலைப் பற்றிக் கேட்க வந்தவள் ஒரு கிழவருக்கு வெந்நீர் கிடைக்க வேண்டும் என்று வேண்டுகிறாள். இதைவிட அருமையாகக் குளிரை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் மார்கழிக் காலையில் என்ன நடக்கும் அம்மா? அதைச் சொல்லுங்கள், கவிதையாக வேண்டாம்.


மாரிமழை:

தங்கச்சி, நான் கனடாவில் ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் ஆசைப்படுகிற வெண்பனிக்குள்ளே இருபத்தாறு வருசமாக இருக்கிறேன், ஊரில் இருக்கும்வரை எனக்கும் மாரி மழைதான் தெரியும். அதனால் ஒன்று சொல்ல வேணும். இங்கே இருக்கிற எங்களுக்கு அது கவிதைச் சொல் இல்லை. அது விடிய ஐந்து மணிக்கு எழும்பி வாசலில் வழிக்க வேண்டிய சினோ. றோட்டில் கொட்டுகிற உப்பு சப்பாத்தில் வெள்ளைக் கோடாகக் காய்ந்து கிடக்கும், துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். மார்கழியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும், வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு.

நாங்கள் வந்த முதல் குளிர்காலம், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சோடிக் கையுறைதான் இருந்தது. அடுத்த சம்பளம் வரும்வரைக்கும் அப்படித்தான். பஸ் தரிப்பிடத்தில் நின்ற அந்த நாட்களைப் பிறகு எழுதிப் பார்த்தேன்.

ஒரு சோடிக் கையுறை
அவருக்கு இடது, எனக்கு வலது
மற்ற இரண்டு கையும்
அவர் பொக்கெற்றுக்குள்

இதற்குள்ளே பனியும் இல்லை, காதலும் இல்லை. எழுதும்போது இரண்டு சொல்லும் இருந்தது, எங்கே வைத்தாலும் துருத்திக்கொண்டு நின்றது. மகள் வாசித்துவிட்டு, அம்மா நீங்கள் இரண்டு பேரும் இப்படியெல்லாம் இருந்தீர்களா என்று கேட்டாள். வீட்டில் நாங்கள் கதைப்பது பில்லும் சாப்பாடும்தான், அவளுக்கு வேறு எப்படித் தெரியும்?


தவிட்டுக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. மாரிமழை அக்கா, உங்கள் நாலு வரியை என் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன், அவள் தன் இரண்டு கையையும் நீட்டி எது இடது எது வலது, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு பேசவில்லை.

ஐயா, நேற்று வயலுக்குப் போனேன். எங்கள் உளுந்து இப்போதுதான் நாலு இலை விட்டிருக்கிறது, தண்டு அடியில் இளம் சிவப்பு, மேலே போகப் போகப் பச்சை. இத்தனை வருடம் அதில்தான் நடந்து போயிருக்கிறேன். இலையில் மயிர் மயிராக இருக்கிறது, பனித்துளி இலையில் ஒட்டாமல் அந்த மயிரின் மேல் நிற்கிறது.

மார்கழிக் காலையில் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். அவர் ஆவணியில் கத்தார் போய்விட்டார். முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் இருந்தவரைக்கும் மார்கழி தை இரண்டு மாதமும் கொல்லையில் அடுப்பு மூட்டி வெந்நீர் வைப்பது அவர் வேலை. பெரிய தவலை, இருவருக்கும் சேர்த்து. முதல் வாளி எனக்கு, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிற அவசரத்தில் நான் போய் நிற்பேன், கையை விட்டுப் பார்த்துப் பச்சைத்தண்ணீர் விளாவித் தருவார். இப்போது நானே வைக்கிறேன். பிள்ளைகள் பச்சைத்தண்ணீரில்தான் குளிப்பார்கள், எனக்கு மட்டும்தான் வெந்நீர். ஆனால் தினமும் பெரிய தவலைதான் அடுப்பில் ஏறியிருக்கிறது. தண்ணீர் ஊற்றி முடித்தபிறகுதான் தெரிகிறது.

எழுதிப் பார்த்தேன்.

மார்கழி விடிகாலை
நீ இல்லாத வீட்டில்
வெந்நீர் ஒருத்திக்குத்தான்
பெரிய தவலையை நிரப்பிவிட்டேன்
என் அன்பே


மூன்று வரி:

இது கவிதை. கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. தவலை சொன்னதை "என் அன்பே" மறுபடியும் சொல்கிறது. "நீ இல்லாத வீட்டில்" என்பதும் வேண்டாம் என்று நினைக்கிறேன், "ஒருத்திக்குத்தான்" என்ற சொல்லில் அவர் இல்லாதது வந்துவிட்டது.


கோத்தகிரிக்காரன்:

மார்கழியும் வேண்டாமே? வெந்நீர் என்றாலே குளிர்தானே.


மாரிமழை:

இல்லைத் தம்பி, மார்கழி இருக்கட்டும். நாங்கள் இங்கே வருசம் முழுக்க வெந்நீரில்தான் குளிக்கிறோம், உங்கள் மலையிலும் அப்படித்தான் இருக்கும். மார்கழி இல்லாவிட்டால் எங்களுக்கு அது வெறும் குளிப்பு. அவருடைய ஊரில் வருசத்தில் இரண்டு மாதம்தான் அந்த அடுப்பு எரிகிறது, அந்த இரண்டு மாதமும் அவர் கையால் எரிந்தது, அது தெரிய வேணும்.


தமிழய்யா:

மாரிமழை அம்மா பக்கம்தான் நானும். "நிரப்பிவிட்டேன்" என்ற சொல்லை மட்டும் இன்னொருமுறை யோசியுங்கள். நீங்கள் நிரப்பவில்லை என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? ஊற்றி முடித்த பிறகுதான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.


தவிட்டுக்குருவி:

ஆமாம் ஐயா, கைதான் நிரப்பியது. ராத்திரி பதினொரு மணிவரை மாற்றி மாற்றி எழுதி, சத்தமாகப் படித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரி கடைசிக்கு முந்தின வரியில் மூச்சு தடுக்கிறதா என்று பார்த்தேன், எனக்குத் தடுக்கிறது.

மார்கழி விடியல்
வெந்நீர் ஒருத்திக்குத்தான்
கை நிரப்பியிருக்கிறது
பெரிய தவலையை

அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்து ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் வாய்ஸ் மெசேஜ் வந்தது, சின்னத் தவலை பரணில் வலது பக்கம் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று.


மாரிமழை:

எடுத்தீங்களா? மிச்சத் தண்ணியை என்ன செய்றனீங்கள்?


தவிட்டுக்குருவி:

எடுக்கவில்லை அக்கா. மிச்சம் ஒன்பது மணிக்கெல்லாம் ஆறிவிடும், கொல்லையில் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றிவிடுகிறேன். அவர் போகிறதற்கு முந்தின நாள் நட்டது, இப்போது என் இடுப்பு உயரம் வந்துவிட்டது.